முதல் பேனா கண்காட்சி: பழைய பேனாவா, புதுப் பேனாவா, இருக்கிற பேனாவையே தீட்டி வாங்குவதா?

ஃபவுண்டன் பேனா கண்காட்சிக்கு முதல் தடவை கிளம்புகிறவரிடம் ஒரு நாளும், அதற்கென்று ஒதுக்கி வைத்த கொஞ்சம் பணமும் இருக்கும். இந்த இரண்டையும் எதில் செலவு செய்வது என்று வீட்டிலேயே யோசித்து வைக்காமல் உள்ளே நுழைந்தால், முதல் வரிசை மேசைகளைத் தாண்டுவதற்குள் பணம் காலி. மீதி நாள் முழுக்க அடுத்தவர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. மண்டபம் முழுக்க மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் வெல்வெட் தட்டுகளில் வரிசை வரிசையாகப் பேனாக்கள், எதில் கண்ணை வைப்பது என்றே தெரியாமல் பிடித்துப்போன முதல் பேனாவை வாங்கிவிட்டேன். அந்தப் பேனா என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வழிகள் மூன்று. பழைய பேனா ஒன்று வாங்கலாம். புதுப் பேனா வாங்கலாம். இல்லையென்றால் ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பேனாவை எடுத்துக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்திருக்கும் நிப்மீஸ்டரிடம் கொடுத்து, நிப்பை உங்கள் கைக்கு ஏற்றபடி தீட்டி வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் தீட்டி வாங்குவதைத்தான் செய்யச் சொல்வேன். இரண்டு முடியும் என்றால் அதோடு ஒரு பழைய பேனா. புதுப் பேனா கடைசியில்தான் வரும், ஒரே ஒரு விதிவிலக்கோடு.

புதுப் பேனாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதைப் பற்றிச் சொல்லக் குறைவாகத்தான் இருக்கிறது. கம்பெனிப் பேனா எங்கே வாங்கினாலும் அதே பேனாதான். லாமி 2000 முதலில் வந்தது 1966இல், இன்றைக்கும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறார்கள். இன்று வாங்காவிட்டால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. கண்காட்சியில் கொஞ்சம் விலை குறைத்துத் தருவார்கள், உண்மைதான். ஆனால் எப்போதோ ஒரு முறை கிடைக்கிற நாளை, எப்போது வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருளில் ஏன் தீர்க்க வேண்டும்?

அதற்காகப் புதுப் பேனா மேசைப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்க் கையில் பிடித்துப் பாருங்கள், அதுதான் அங்கே கிடைக்கிற உண்மையான லாபம். படத்தைப் பார்த்து ஒரு பேனாவின் பருமனை யாராலும் சொல்ல முடியாது. மோன்பிளாங்க் 149ஐப் பற்றி வருஷக்கணக்காகக் கனவு கண்டவர்கள் கையில் எடுத்ததும் இவ்வளவு தடியா என்று கீழே வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பைலட் கேப்லெஸ் 1963இல் வந்த பேனா, மூடியே கிடையாது, பின்னால் அமுக்கினால் நிப்பு வெளியே வரும். அதில் கிளிப் நிப்புப் பக்கம் இருக்கிறது, அதாவது நாம் விரல் வைக்கிற அதே இடத்தில். சிலருக்கு அந்த கிளிப் விரலுக்கு நடுவே அழகாக உட்கார்ந்துகொள்ளும், சிலருக்கு இரண்டு வரி எழுதுவதற்குள் எரிச்சலாகிவிடும். லாமி சஃபாரியின் முக்கோணப் பிடியும் அப்படித்தான். இதையெல்லாம் பத்து நிமிஷத்தில் உங்கள் விரலே சொல்லிவிடும்.

சரி, அந்த விதிவிலக்கு. தனி ஆளாகக் கடைசலில் பேனா கடைந்து விற்கிறவர்கள் சிலர் கண்காட்சிக்கு வருவார்கள். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில், அக்ரிலிக்கில், ஒரே வகையில் நாலைந்து பேனாவுக்கு மேல் செய்யாதவர்கள். அவர்களிடம் இருப்பது வேறெங்கும் கிடைக்காது. கழுத்தை இன்னும் கொஞ்சம் தடியாகச் செய்து தர முடியுமா, மூடியின் மரையைக் கொஞ்சம் மேலே தள்ளி வைக்க முடியுமா என்று செய்தவரிடமே நின்று பேசலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இப்படிச் சிறிய அளவில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் நிப்பைச் சொந்தமாகச் செய்வதில்லை, போக், ஜோவோ என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகளிடமிருந்து வாங்கிப் பொருத்துகிறார்கள். எனவே பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு பேனாக்களில் நிப்பு ஒன்றேயாக இருக்கலாம். நீங்கள் பணம் கொடுப்பது உடலுக்கும் வேலைப்பாட்டுக்கும். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், எழுத்து வித்தியாசமாக வரும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

இப்போது பழைய பேனா. கண்காட்சி என்பதே முதலில் இதற்காகத்தான் என்று நினைக்கிறவன் நான். அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்னால் செய்த பேனாக்கள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடைப்பதும், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் வேறெங்கே நடக்கும்? ஆனால் முதல் தடவை போகிறவர் ஏமாறுவதும் இங்கேதான்.

நான் வாங்கிய அந்த முதல் பேனா, பச்சையும் கறுப்புமாகக் கோடு ஓடிய ஒரு செல்லுலாய்டு பேனா. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல், அதைத் தூக்கி இறக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை அமுங்கி விரிந்து மையை உறிஞ்சும். விற்றவர் நிப்பை மைப்புட்டியில் முக்கி எழுதிக் காட்டினார், வழுவழுவென்று ஓடியது, நான் மயங்கிப் போனேன். வீட்டுக்கு வந்து நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம். கழுத்தை மெதுவாகச் சூடு காட்டிக் கழற்றித் தட்டினேன், கருகிய அப்பளம் மாதிரித் துண்டு துண்டாகக் கொட்டியது. அதுதான் அந்த ரப்பர் பை. எத்தனையோ வருஷம் மை வைத்து அப்படியே விட்டதில் கல்லாகி உடைந்திருக்கிறது. முக்கி எழுதிக் காட்டினால் நிப்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், பேனா மை குடிக்கும் என்று அர்த்தமில்லை. நிப்பின் நாக்கு, அதாவது அடியில் வரி வரியாக இருக்கிற பாகம், பிடித்து வைத்திருக்கும் மையிலேயே சில வரி எழுதிவிடும். இந்த ஒன்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் வேறு பேனா வாங்கியிருப்பேன்.

அதனால் பழைய பேனாவிலேயே இரண்டு வகை உண்டு, விலையை ஒப்பிடும் முன் இதை ஒப்பிடுங்கள். ஒன்று, பிரித்து, சுத்தம் செய்து, பையையும் சீல்களையும் மாற்றி வைத்தது. இன்னொன்று, கிடைத்தபடியே விற்பது. இரண்டாவது மிகவும் மலிவாக இருக்கும், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேனாவைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்த மலிவுத் தட்டு ஒரு புதையல்தான். உங்களுக்கு இது முதல் தடவை என்றால் அந்தத் தட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். “இதில் பை மாற்றியாகிவிட்டதா, எப்போது மாற்றினீர்கள்? தண்ணீர் நிரப்பிக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

கையில் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லூப், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, இருக்கட்டும். நிப்பின் நுனியில் இரண்டு பக்கமும் குமிழ் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் அந்தப் பேனா வேண்டாம், அதைச் சரிசெய்யப் பேனாவின் விலையே ஆகும். மூடியின் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். செல்லுலாய்டு என்றால் மூடியின் நிறத்தையும் உடலின் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடல் மட்டும் மங்கலாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், உள்ளே இருந்த ரப்பர் பையிலிருந்து வந்த வாயு அதைக் கறைப்படுத்தியிருக்கிறது, அது இனி திரும்பாது. கறுப்பு எபோனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் வெளுத்துப் பாசி நிறமாகும், அதனால் எழுத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போய்ச் சுத்தம் செய்கிறேன் என்று முழுப் பேனாவையும் தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் மோசமாகிவிடும். அப்புறம், யாரோ ஒருவரின் பெயர் உடலில் பொறித்திருந்தால் சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், விலையும் இறங்கும். எழுதுவதற்காக வாங்குகிற நமக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, அந்தப் பெயருக்குரியவர் இதை வைத்து என்ன எழுதியிருப்பார் என்று சில நேரம் யோசிப்பேன்.

எந்தப் பழைய பேனா என்று கேட்டால் முதலில் பார்க்கர் 51. 1941இல் விற்பனைக்கு வந்தது, நிப்பு ஏறக்குறைய முழுக்க மூடியிருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். 1948இல் வந்த ஏரோமெட்ரிக் வகையைத்தான் தேட வேண்டும். அதன் பை ரப்பர் இல்லை, ஒருவகை பிளாஸ்டிக், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பெரும்பாலான பேனாக்களில் அதே பை வேலை செய்கிறது. அதற்கு முந்தைய வாக்குமாட்டிக் வகையில் ரப்பர் சவ்வு உண்டு, அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. இன்னொரு நல்ல தேர்வு எஸ்டர்புரூக் ஜே வரிசை. எளிய பேனா, நிப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். நிப்பின் மேல் எண் இருக்கும், 9668 என்றால் மீடியம், 9556 என்றால் ஃபைன். ஒரு பேனா வாங்கி, இரண்டு மூன்று நிப்பு மாற்றி மாற்றிப் போட்டு எழுதிப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பேனா எனக்குத் தெரியாது. ஷேஃபர் ஸ்நார்கெல் 1952இல் வந்த அதிசயம், நிப்புக்கு அடியிலிருந்து ஒரு குழாய் நீண்டு மையைக் குடித்துவிட்டு உள்ளே போகும், பார்த்தால் விடவே மனசு வராது. ஆனால் உள்ளே பாகங்களும் சீல்களும் அதிகம், சரிசெய்யாமல் விற்கிற ஸ்நார்கெலை முதல் பேனாவாக வாங்க வேண்டாம்.

தங்க நிப்பு என்றதும் கை தானாக நீளும். நிப்பின் மேல் 585 என்றிருந்தால் 14 காரட், 750 என்றால் 18 காரட். ஆனால் காகிதத்தைத் தொடுவது தங்கம் இல்லை. நுனியில் பற்றவைத்திருக்கும் சிறிய குமிழ்தான் தொடுகிறது, அது ஆஸ்மியம், ருத்தீனியம், டங்ஸ்டன் போன்றவை கலந்த கடினமான உலோகம். எஃகு நிப்பிலும் பெரும்பாலும் அதே மாதிரிக் குமிழ்தான். இதைப் புரிந்துகொண்டால் மூன்றாவது வழி ஏன் எனக்கு முதல் வழி என்பதும் புரியும்: நல்ல எழுத்து என்பது அந்தக் குமிழின் உருவம், அந்த உருவத்தை மாற்றக்கூடியவர் அதே மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கொண்டுபோனது ஒரு சாதாரண எஃகு நிப்பு, பிராட், அதாவது தடியாகக் கோடு போடுவது. இடது பக்கம் இழுக்கும்போதெல்லாம் காகிதத்தைச் சுரண்டும், அதனாலேயே அதைத் தொடாமல் வைத்திருந்தேன். நிப்மீஸ்டர் ஒரு தாளைத் தள்ளி, “எது வேண்டுமானாலும் எழுதுங்கள்” என்றார். எழுதினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை இடது பக்கமாகக் கொஞ்சம் உருட்டிப் பிடிக்கிறேன் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. லூப்பை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நிப்பின் பிளந்த இரண்டு பக்கத்தில் ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை உயரமாக நின்றது, அவ்வளவுதான், அதுதான் அத்தனை நாள் சுரண்டல். கட்டைவிரல் நகத்தால் மெல்ல அமுக்கிச் சமமாக்கினார். அந்தத் திருத்தத்துக்குச் சில நொடிதான் ஆனது. அதற்கப்புறம் சின்ன மோட்டாரில் சுழலும் கல்லில் தொட்டுத் தொட்டு எடுத்து, மெல்லிய உரசு தாளில் எட்டு எட்டாகப் போட்டு, இரண்டு முறை என்னிடம் கொடுத்து எழுதச் சொல்லிக் கேட்டு, மறுபடி கொஞ்சம் உரசி, இருபது நிமிஷம்போல உட்கார்ந்து ஸ்டப் ஆக, அதாவது நுனி தட்டையான நிப்பாக, மாற்றிக் கொடுத்தார். ‘ட’ எழுதினேன், நேர்கோடு தடியாகவும் அடிக்கோடு மெலிதாகவும் விழுந்தது. வருஷக்கணக்காக நான் எழுதுகிற எழுத்துதான், ஆனால் வேறு யாரோ அக்கறையாக எழுதியது மாதிரி இருந்தது. இப்போதும் தினமும் அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

போகும் முன் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். குமிழைத் தேய்க்கத்தான் முடியும், வளர்க்க முடியாது. பிராட் நிப்பு கொண்டுபோனால் அதை எதுவாகவும் மாற்றலாம், எக்ஸ்ட்ரா ஃபைன் கொண்டுபோய் ஸ்டப் கேட்டால் வித்தியாசமே தெரியாத அளவுக்குத்தான் வரும். தீட்டிய பிறகு கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. ஸ்டப் என்றால் நேர்கோடு தடி, ஆர்க்கிடெக்ட் என்றால் அதற்கு நேர் எதிர், படுக்கைக்கோடு தடி. தமிழில் நிறைய எழுதுகிறவருக்கு என் யோசனை: 1.1 மி.மீ. ஸ்டப் எல்லாம் கண்ணுக்கு அழகு, ஆனால் நோட்டுப் புத்தகத்தில் ‘ண’, ‘ஞ’, ‘இ’ ஆகியவற்றின் சுழிகள் மையில் அடைந்துவிடும். 0.6, 0.7 அளவுக்குக் கேளுங்கள். தீட்ட வேண்டாம், சுரண்டாமல் இருந்தால் போதும் என்றால் அதையே கேளுங்கள், அது சின்ன வேலை. பேனாவைச் சுத்தமாகக் கழுவி, நீங்கள் எப்போதும் ஊற்றுகிற சாதாரண மையை நிரப்பிக் கொண்டுபோங்கள், மினுமினுப்புத் துகள் போட்ட மை வேண்டாம்.

உங்களிடம் கொண்டுபோகப் பேனாவே இல்லையென்றால், அல்லது இருக்கிற பேனாவே மனதுக்குப் பிடித்தபடி எழுதுகிறதென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை, நேராகப் பழைய பேனா மேசைக்குப் போங்கள். நன்றாக எழுதுகிற நிப்பை ஆசைக்காகத் தீட்டக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எந்த நாள் போவது என்பதும் இந்த முடிவோடு சேர்ந்ததுதான். கண்காட்சி இரண்டு மூன்று நாள் நடந்தால், நிப்மீஸ்டரின் பட்டியலில் முதல் நாள் காலையிலேயே பெயர்கள் நிரம்ப ஆரம்பிக்கும். ஒரு பேனாவுக்குக் கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகும், ஒரு நாளில் அவர் எத்தனைதான் செய்வார்? எனவே தீட்டுவதற்கென்று போனால் முதல் நாள், கதவு திறந்ததும் நேராக அவர் மேசை, பெயரைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் சுற்றல். முன்பதிவு வைத்திருக்கிறாரா என்று முன்னாலேயே விசாரித்துவிடுவது இன்னும் நல்லது. அரிய பழைய பேனா தேடுகிறவருக்கும் முதல் நாள்தான், நல்லது எல்லாம் காலையிலேயே கை மாறிவிடும். பேரம் பேசத்தான் ஆசை என்றால் கடைசி நாள் மதியம், மூட்டை கட்டுகிற நேரத்தில் விலை இறங்கும், ஆனால் சில மேசைகள் அதற்கு முன்னாலேயே காலியாகியிருக்கும். பேசிப் பேசிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்குக் கூட்டம் குறைவான பிற்பகல் எந்த நாளாக இருந்தாலும் போதும்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். மூடி திருகுவதா இழுப்பதா என்று பார்த்துத் திறங்கள், திருகு மூடியை இழுத்தால் அங்கேயே விரிசல் விழலாம். மூடியைப் பின்னால் மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். நிப்பை அழுத்தி வளைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது வளைகிற நிப்பு என்று அவரே சொல்லி, அவரே எழுதிக் காட்டட்டும். பக்கத்தில் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை நடுவில் நுழையாதீர்கள்.

மைகளை முக்கி எழுதிப் பார்க்க வைத்திருக்கும் மேசையில் நேரம் போவதே தெரியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அங்கே இருக்கும் கண்ணாடிப் பேனா காகிதத்தில் மையை அதிகமாக இறக்கும், அதில் பார்த்த நிறம் உங்கள் ஃபைன் நிப்பில் வெளிறித் தெரியலாம்.

தாள் உங்களுடையதையே கொண்டுபோங்கள். மேசையில் இருப்பது வழவழப்பான நல்ல தாளாக இருக்கும், அதில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். நீங்கள் தினமும் எழுதுகிற நோட்டையே எடுத்துப் போய், எழுதிப் பார்க்கிற ஒவ்வொரு பேனாவுக்குப் பக்கத்திலும் மேசை எண்ணையும் நிப்பின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மதியம்வரை எதையும் வாங்காதீர்கள், வெளியே போய் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். என் நோட்டில் பெரும்பாலான பேனாக்களுக்கு நேராக என் கையெழுத்து மட்டும் இருக்கும், அல்லது அரை வரி. ஒன்றிரண்டு பேனாக்களுக்கு மட்டும், எனக்கே தெரியாமல், அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அந்த மேசைக்குத்தான் திரும்பிப் போவேன்.